கணினி மூலை: 'பனியன்' எத்தனை எழுத்து?

ப, னி, ய, ன் – நாலு எழுத்து. ஒண்ணாம் வகுப்புத் தம்பிகூடச் சொல்லிடுவான். ஆனா கம்ப்யூட்டர் 6 என்கிறதே! வாங்க, பார்ப்போம்.

ஹாஸ்கெல் ஒரு சார்பு நிரல்மொழி. 1990-இல் வெளிவந்தது. ஹாஸ்கெல் கரி என்ற கணித அறிஞரின் பெயரைக் கொண்டது. கணக்குப் பாடத்தில் வரும் அதே சார்புதான்: உள்ளீடு ஒன்றானால் விடையும் ஒன்றே. நிட்டிங் முடிந்த துணி டையிங், கட்டிங், பவர்டேபிள் என்று போவதுபோல, ஒரு சார்பின் விடை அடுத்த சார்புக்குப் போகும். சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் இதைக் கற்பிக்கிறார்கள்.

எழுத்துகளைக் கையாள இதில் பல திறமூல நூலகங்கள் உண்டு. அதாவது, யாரும் எடுத்துப் பயன்படுத்தி, உள்ளே பார்த்துத் திருத்தவும் கூடிய தயார் நிரல்கள். நான்கை ஒப்பிடுவோம்.

1. ஸ்ட்ரிங் (விடை 6): மொழியோடே வருகிறது. துணியில் கண்ணியோடு கண்ணி கோத்ததுபோல எழுத்துகள் தொடர்ந்திருக்கும். கற்க எளிது, இடம் அதிகம் பிடிக்கும். 64-பிட் கணினியில் ஒரு தமிழ்க் குறிக்குச் சுமார் 40 பைட்! சரி, ஏன் 6? யூனிகோடில் 'னி' என்பது ன + மேல்விலங்கு. 'ன்' என்பது ன + புள்ளி. இரண்டும் இரண்டிரண்டு குறிகள்.

2. டெக்ஸ்ட் (விடை 6): நெருக்கி அடுக்கி வைக்கும். 2021-இல் வந்த 2.0 பதிப்பு முதல் யுடிஎஃப்-8 முறை. தமிழ்க் குறிக்கு 3 பைட்தான். பெரிய கட்டுரைகளுக்கு ஏற்றது.

3. பைட்ஸ்ட்ரிங் (விடை 18): இதற்கு எழுத்தே தெரியாது, பைட் மட்டும்தான். கோப்பு, படம் அனுப்ப நல்லது. இதன் 'சார்8' பகுதியில் தமிழைப் போட்டால் ஒவ்வொரு குறியிலும் கடைசி 8 பிட்தான் மிஞ்சும். தமிழ் காணாமலே போயிடும்!

4. டெக்ஸ்ட்-ஐசியூ (விடை 4): எழுத்தின் எல்லை அறிந்து எண்ணும். ஆனால் ஐசியூ என்ற இன்னொரு நூலகத்தையும் தனியாக நிறுவணும். 'க்ஷ'வை இரண்டாகவே எண்ணும்.

இதனால என்ன என்கிறீர்களா? 'முருகன்' என்பதில் 7 குறிகள். 6 இடம் மட்டும் உள்ள படிவத்தில் டெக்ஸ்ட் கொண்டு வெட்டினால் 'முருகன' என்று வரும். புள்ளி போச்சு! மதிப்பெண் சான்றிதழில் நம்ம பேர் இப்படி வந்தால் விடுவோமா?

ஆகவே, பழக ஸ்ட்ரிங், நிறைய எழுத டெக்ஸ்ட், கோப்புக்குப் பைட்ஸ்ட்ரிங், தமிழ் எழுத்தை எண்ணவும் வெட்டவும் டெக்ஸ்ட்-ஐசியூ. எது வேகம் என்று மட்டும் பார்க்காதீங்க. எது நம்ம எழுத்தை அறியும் என்றும் பாருங்க.

செய்து பாருங்கள்: உங்கள் பெயரில் எத்தனை குறி? உயிர் 1, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 1, மற்ற உயிர்மெய் 2, மெய் 2. கூட்டிப் பாருங்க!

– 12-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு