ஆடுபவர் அமைப்பாளராவது

கேள்வி: பாலே ஆடுபவர் நடன அமைப்பாளராவது எப்படி? அதற்கெனத் தனிப் படிப்பு உண்டா?

பதில்: படிப்பு உண்டு. ஆனால் பெரும் பெயர் எடுத்தவர்களில் பலர் குழுவில் ஆடிக்கொண்டே கற்றவர்கள்தான். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரைப் பாருங்கள். அங்கே நோவெர் சங்கம் என்ற ரசிகர் அமைப்பு 1958இல் தொடங்கியது. இளம் கலைஞர்கள் சொந்தப் படைப்பை மேடையேற்ற அது தனி மாலைகளையே ஒதுக்கியது. ஸ்டுட்கார்ட் பாலேயின் இயக்குநர் ஜான் கிராங்கோவும் அவர்களைத் தட்டிக்கொடுத்தார். ஜான் நியூமையர், யிர்ழி கிலியான், வில்லியம் ஃபோர்சைத் மூவரும் அங்கே ஆடியவர்கள். அந்த மேடையில் அரும்பியவர்கள். பிராகில் பிறந்த கிலியான் 1968இல் குழுவில் சேர்ந்தார். பத்தே ஆண்டில், யானாசெக்கின் இசைக்கு அவர் அமைத்த ‘சின்ஃபோனியெட்டா’ நெதர்லாந்து நடனக் குழுவுக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது.

கடினமான இடம் எது தெரியுமா? தன் உடம்புக்குச் சுலபமாக வருவதையே பிறருக்கும் கொடுக்கும் பழக்கத்தை விடுவது. உயரமானவரின் கை நீளும் விதம் வேறு, குள்ளமானவர் துள்ளும் வேகம் வேறு. அதை ஒத்திகை அறையில், உடன் ஆடும் தோழர்களை வைத்துத்தான் கற்க முடியும். ஆகவே உங்களுக்கு ஆசை இருந்தால், இரண்டு பேரை வைத்து மூன்று நிமிடத் துண்டு ஒன்றை இப்போதே அமைக்கத் தொடங்குங்கள்.