காவலும் கண்காணிப்பும்

திருச்சிராப்பள்ளி மாநகரின் கீழ்ப்பகுதியில், தஞ்சைக்குச் செல்லும் சாலையை அடுத்து அமைந்துள்ளது அரியமங்கலம். முன்னாளில் சிற்றூராய் இருந்த இது, இந்நாளில் மாநகராட்சியின் ஒரு பகுதியாகும். சிற்றூருக்குப் புதியவர் வந்தால், “எந்த ஊர்? யார் வீட்டுக்கு?” என்று திண்ணையில் இருப்போர் வினவுவர். அவ்வினாவில் அன்பும் உண்டு, காவலும் உண்டு. வேறு நாட்டார் சிலர் அதனைத் தம் தனிவாழ்வில் தலையிடுவதாகக் கருதவும் கூடும். செயல் ஒன்றே, அதற்குப் பொருள் தருவது பண்பாடு.

தமிழில் இதனைக் குறிக்கும் சொற்கள் பல. காவல் என்பது காத்தலைக் குறிக்கும். ஒற்று என்பது மறைந்து அறிதலைக் குறிக்கும். இலங்கைத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை அழைத்துச் சென்று வேலை வாங்கியவர் கண்காணி எனப்பட்டார்.

திருவள்ளுவர் ‘ஒற்றாடல்’ என்னும் அதிகாரத்தில் ஒற்றரை அரசனுக்கு இன்றியமையாதவராகக் கூறுகின்றார். எனினும், ஒருவர் கூறியதை மட்டும் நம்பாது, பிறரைக் கொண்டும் ஆராய்ந்து தெளிதல் வேண்டும் என்பது அவர் கருத்து.

தென்தமிழ் நாட்டில் பாடிகாவல் என்னும் முறை இருந்தது. காவற்காரர் ஊராரிடம் கூலி பெற்றனர். பொருள் களவு போனால், அதனை மீட்டுத் தருதலோ ஈடு செய்தலோ அவர் கடமை. காப்பவர் யார் என்பதை ஊர் அறியும். அவரும் ஊருக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்.

ஆங்கிலேய ஆட்சியாளர் இம்முறையை வேறு கண்ணால் நோக்கினர். ஒவ்வொரு சாதிக்கும் வழிவழித் தொழில் உண்டு. ஆகவே குற்றமும் சிலருக்குக் குலத்தொழில் என்று அவர்கள் எண்ணினர். அவ்வெண்ணத்தில் பிறந்ததே 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம். 1911ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. குற்றம் செய்யாதவரும் கைரேகை பதித்தல் வேண்டும் எனக் கட்டாயப்படுத்தப்பட்டனர். வழிவழியாக ஊர் காத்தவர்களுள் பலரே காவலுக்கு உள்ளாயினர். இதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவலர் துப்பாக்கியால் சுட்டனர். பலர் உயிர் துறந்தனர். 1947இல் சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீக்கப்பட்டது.

இன்று திண்ணையின் இடத்தைத் தெருமுனைக் கருவிகள் பெற்று வருகின்றன. கருவிக்குக் கண் உண்டு, முகம் இல்லை. யார் காண்கின்றார், எதற்காகக் காண்கின்றார் என்பதை மக்கள் அறிதல் அரிது. தனிமறைவு ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காவல் வேண்டுவதே. ஆயினும், மனிதரைப் பிறப்பால் ஐயுறாததும், மக்களுக்கு விடை கூறுவதுமான காவலே நற்காவல் ஆகும்.