சொன்னவர் யார்?

அது ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பு ஆசிரியை மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்.

"நாய் கடித்தால் என்ன செய்ய வேண்டும்? விசாரித்து எழுதி வாருங்கள். சொன்னவர் யார் என்பதையும் எழுதுங்கள்" என்றார்.

மறுநாள் மாணவர்கள் படித்தார்கள்.

"கடித்த இடத்தில் மிளகாய்ப் பொடி வைக்க வேண்டும். பாட்டி சொன்னார்."

"வயிற்றில் 14 ஊசி போடுவார்கள். பழைய புத்தகத்தில் இருக்கிறது."

"வீட்டு நாய் கடித்தால் பயமில்லை. செல்போனில் வந்தது."

எது சரி? ஆசிரியை உடனே விடை சொல்லவில்லை. கரும்பலகையில் நான்கு கேள்விகள் எழுதினார்.

1. சொன்னவர் யார்?
2. அவருக்கு எப்படித் தெரியும்?
3. எப்போது சொன்னது?
4. விவரம் தெரிந்த வேறொருவரும் அதையே சொல்கிறாரா?

செல்போன் செய்தியை எழுதியவர் யார் என்று தெரியவில்லை. பாட்டிக்கு அவருடைய பாட்டி சொன்னது. புத்தகம் 1980-இல் அச்சிட்டது.

மாணவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். மருத்துவரைக் கேட்டார்கள்.

"காயத்தை உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. வீட்டு நாய் கடித்தாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. வராமல் தடுக்க ஊசி உண்டு" என்றார் மருத்துவர்.

"வயிற்றிலா, ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"அது பழைய முறை, அம்மா. அந்த மருந்தை 2005-க்குள் நம் நாடு கைவிட்டுவிட்டது. இப்போது கையில்தான் ஊசி. சில தவணைகள்தான்."

சுவரில் இருந்த அறிவிப்பிலும் இதுவே இருந்தது.

அன்று மாலை அந்த மாணவி தன் நோட்டை அம்மாவிடம் படித்துக் காட்டினாள். பக்கத்து வீட்டு அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் வாடியது.

"என் மகனை நாய் கடித்து மூன்று நாள் ஆகிறது. 14 ஊசி என்று பயந்து மிளகாய்ப் பொடி வைத்தோம்" என்று அழுதார்.

"தாமதமானாலும் ஊசி போட வேண்டும். இப்போதே போவோம்" என்றார் அம்மா.

மூவரும் பையனை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். ஊசி போட்டார்கள். காசு வாங்கவில்லை. சீட்டில் அடுத்த தவணைத் தேதிகள் இருந்தன. எழுத்தறிவு மையத்தில் படித்த அம்மா அவற்றைப் படித்துச் சொன்னார். ஒரு தேதிகூடத் தவறாமல் பையனுக்கு எல்லா ஊசிகளும் போட்டார்கள்.

பாட்டி பொய் சொல்லவில்லை. புத்தகமும் பொய் சொல்லவில்லை. ஆனால், கேட்டதைச் சரிபார்க்காமல் இருந்தால் ஓர் உயிர் போயிருக்கலாம்.

பேசிப் பார்ப்போம்

1. புத்தகத்தில் அச்சிட்ட ஆண்டை ஏன் பார்க்க வேண்டும்?
2. உங்கள் ஊரில் நாய்க்கடிக்கு என்ன செய்கிறார்கள்? அதைச் சொன்னவர் யார்?