உமிச் சாம்பலிலிருந்து உறைந்த புகை



பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக்கு அந்தப் பெயரைத் தந்தவை செங்கல் சூளைகள். 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துக் கோலாலம்பூரை அழித்த பிறகு, 'அத்தாப்புக் கூரை வேண்டாம், செங்கல்லால் கட்டுங்கள்' என்று ஆணை பிறந்தது. அதற்கான செங்கற்களைச் சுட்ட பகுதி இது. ஒரு செங்கல்லைத் தூக்கிப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டரை கிலோ இருக்கும். நாசா வெளியிட்ட புகழ்பெற்ற படம் ஒன்றில், அதே எடையுள்ள செங்கல் ஒன்று நீலம் படர்ந்த ஒரு துண்டின் மேல் அமர்ந்திருக்கிறது. கீழே அதைத் தாங்கி நிற்கும் துண்டின் எடை வெறும் 2 கிராம்!

அந்தப் பொருளின் பெயர் ஏரோஜெல். 'உறைந்த புகை' என்றும் அழைப்பார்கள். அதன் கன அளவில் 90 விழுக்காட்டுக்கு மேல் காற்றுதான். மிக இலேசான வகைகளில் அது 99.8 விழுக்காடு வரை போகும். மீதி இருப்பது பெரும்பாலும் சிலிக்கா, அதாவது மணலில் உள்ள அதே பொருள்.

எப்படிச் செய்கிறார்கள்? வீட்டிலேயே பாதி விடை இருக்கிறது. அகார்-அகார் செய்து சாப்பிட்டிருப்பீர்கள் அல்லவா? அது ஒரு ஜெல். மெல்லிய இழைகள் வலையாகப் பின்னி, நடுவில் நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. சர்க்கரை சேர்க்காத துண்டு ஒன்றைக் காற்றாடிக்குக் கீழே சில நாள் வைத்துப் பாருங்கள். நீர் போய்விடும், கூடவே துண்டும் சுருங்கி, காகிதம் போல ஆகிவிடும். நீர் ஆவியாகும்போது, நுண்துளைகளில் அதன் பரப்பு இழுவிசை சுவர்களை உள்ளே இழுக்கிறது. வலை நொறுங்கிப் படிந்துவிடுகிறது.

வலை குலையாமல் நீரை மட்டும் வெளியேற்ற முடியுமா? அமெரிக்க வேதியியலாளர் சாமுவேல் கிஸ்ட்லர் 1931-இல் முடியும் என்று காட்டினார். நீர்மப் பரப்பு இருந்தால்தானே இழுவிசை? ஆகவே பரப்பே இல்லாத நிலைக்கு நீர்மத்தைக் கொண்டுபோனார். ஒவ்வொரு நீர்மத்துக்கும் ஒரு மாறுநிலைப் புள்ளி உண்டு. அந்த வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாண்டினால் நீர்மம், வளிமம் என்ற வேறுபாடே மறைந்துவிடும். பிறகு மெல்ல அழுத்தத்தைக் குறைத்தால் வலை நின்ற இடத்திலேயே நிற்கும், உள்ளே காற்று வந்து உட்காரும். கிஸ்ட்லர் சிலிக்காவோடு நிற்கவில்லை. முட்டை வெள்ளைக்கரு, ஏன், அகாரிலும்கூட ஏரோஜெல் செய்தார்.

இன்று பெரும்பாலும் கரிவளியைப் பயன்படுத்துகிறார்கள். முதலில் ஜெல்லில் உள்ள நீரை ஆல்கஹாலாக மாற்றி, பிறகு ஆல்கஹாலை நீர்மக் கரிவளியாக மாற்றுவார்கள். கரிவளியின் மாறுநிலை வெப்பம் 31 பாகை செல்சியஸ். கிள்ளானில் நண்பகல் வெயிலே அதைத் தாண்டிவிடும்! சிக்கல் அழுத்தத்தில்தான். 73 வளிமண்டல அழுத்தம் தேவை. கார் டயரில் அடைக்கும் காற்றைப் போல முப்பது மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாங்கும் தடித்த எஃகுக் கலன் வேண்டும். ஏரோஜெல் விலை உயர்ந்திருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இவ்வளவு பாடுபட்டு என்ன பயன்? ஏரோஜெல் வெப்பத்தைக் கடத்துவதில் அசையாத காற்றைவிடவும் மோசம். அதன் துளைகள் சுமார் 20 நானோமீட்டர் அகலம்தான். காற்று மூலக்கூறு ஒன்று இன்னொன்றோடு மோதும் முன் சராசரியாக ஏறக்குறைய 70 நானோமீட்டர் ஓட வேண்டும். துளைக்குள் அதற்கு இடமில்லை. அடுத்த மூலக்கூறைச் சந்திக்கும் முன் சுவரில் முட்டிக்கொள்கிறது, வெப்பம் கைமாறுவதில்லை. 2004-இல் ஸ்டார்டஸ்ட் விண்கலம் வில்ட் 2 என்ற வால்மீனின் தூசியை ஏரோஜெல்லில்தான் பிடித்தது. விநாடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் வந்த துகள்கள் அதில் புதைந்து நின்றன. 2006-இல் அவை பூமிக்கு வந்து சேர்ந்தன.

இனி நம் நாட்டுக் கதை. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஹலிமாத்தோன் ஹம்டான், நெல் உமியிலிருந்து சிலிக்கா ஏரோஜெல் செய்தார். 'மேரோஜெல்' என்ற பெயரில் 2007 வாக்கில் அது உலகச் செய்திகளில் இடம்பெற்றது. உமியில் சிலிக்கா எப்படி வந்தது? நெற்பயிர் மண்ணிலிருந்து அதை உறிஞ்சித் தன் மேல்தோலில் படியவைக்கிறது. நெல் இலை கையைக் கீறுவதும் அதனால்தான். உங்கள் பாட்டி, தாத்தா காலத்தில் உமிக்கரியால் பல் துலக்கினார்களே, அந்தச் சொரசொரப்பிலும் சிலிக்காவின் பங்கு உண்டு.

செகிஞ்சான், தஞ்சோங் காராங் வயல்களை நினைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுங்கள். 1,000 கிலோ நெல்லில் சுமார் 200 கிலோ உமி. அதை எரித்தால் ஏறக்குறைய 40 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்காவாக இருக்கக்கூடும். சாம்பலைச் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, அமிலம் சேர்த்தால் ஜெல் உருவாகும். வழக்கமாக இதற்கு வாங்கும் சிலிக்கான் சேர்மங்கள் விலை மிகுந்தவை. உமியோ ஆலைக்குக் கழிவு.

'அப்படியானால் நம் வீட்டுக் கூரைக்குக் கீழே ஏன் இன்னும் ஏரோஜெல் இல்லை?' என்று கேட்பீர்கள். மூலப்பொருள் மலிந்தாலும் உலர்த்தும் செலவு அப்படியே நிற்கிறது. சாதாரண அழுத்தத்திலேயே உலர்த்தும் முறைகள் 1990-களிலிருந்து வளர்ந்து வருகின்றன. துளைச் சுவர்களை நீர் ஒட்டாதபடி மாற்றினால், சுருங்கிய வலை மீண்டும் விரிந்துகொள்கிறது. ஆனால் என் கணிப்பில் இன்னொரு காரணமும் உண்டு. 10 சென்டிமீட்டர் கண்ணாடிக் கம்பளி செய்யும் வேலையை ஏரோஜெல் 4 சென்டிமீட்டரில் முடித்துவிடும். கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவில் நமக்கு இடத்துக்கா பஞ்சம்? மலிவான கம்பளியைத் தடிமனாகப் போட்டுவிடலாம். இடமே இல்லாத கடலடி எண்ணெய்க் குழாய்களிலும் சுத்திகரிப்பு ஆலைக் குழாய்களிலும்தான் ஏரோஜெல் போர்வை இன்று தன் விலைக்கு ஈடு கொடுக்கிறது.