ஓவியம் காண நான்கு படிகள்

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். ஈண்டுக் காட்சி என்பது தத்துவங்களில் கொள்ளும் தெளிந்த நம்பிக்கையைக் குறிக்குமேயன்றி, கண்ணால் காண்பதைக் குறிக்காது. எனினும் கண்ணால் காண்பதற்கும் நம் ஆசாரியர்கள் ஒரு முறை வகுத்துத் தந்துள்ளனர். அம்முறையைக் கொண்டு ஓர் ஓவியத்தை எவ்வாறு காணலாம் என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில், பொறிகளாலும் மனத்தாலும் பெறும் மதிஞானத்தை அவக்கிரகம், ஈஹா, அவாயம், தாரணை என நான்காக வகுத்தார். பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் இதற்கு எளியதோர் உதாரணம் காட்டுகிறார். தொலைவில் வெண்மையாக ஏதோ ஒன்று தோன்றுகிறது என்று பற்றுவது அவக்கிரகம். அது கொக்கோ, கொடியோ என மேலும் அறிய விழைவது ஈஹா. மேலெழுவதையும் கீழிறங்குவதையும் சிறகடிப்பதையும் கண்டு, கொக்கே என்று துணிவது அவாயம். பின்னர்க் காணும்போது, காலையில் கண்ட அதே கொக்கு என அறியும்படி மனத்தில் நிலைத்திருப்பது தாரணை. தாமிரபரணிப் பாசன வயல்களில் கொக்குகளை நாளும் காணும் நெல்லைச் சீமையினர்க்கு இவ்வுதாரணம் நேற்று எழுதியது போலவே தோன்றும்.

நாம் ஓவியத்தின் முன் நிற்கும்போது பெரும்பாலும் இரண்டாம் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். கண்டவுடனே "இஃது இன்ன கதை" என்று பெயரிட்டு அப்பால் நகர்கிறோம். இப்பிழையை ஆசிரியையாகிய நானே செய்திருக்கிறேன்.

திருப்புடைமருதூரில் ஒரு பாடம்

முக்கூடலை அடுத்து, தாமிரபரணியுடன் கடனாநதி கலக்கும் இடத்தில் திருப்புடைமருதூர் உள்ளது. அங்குள்ள நாறும்பூநாதர் திருக்கோயில் கோபுரத்தின் உட்புறத்தே ஐந்து நிலைகளிலும் சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் அமைந்துள்ளன. அவை விசயநகர, நாயக்கர் காலத்தன. சைவத் திருக்கோயிலாயினும், கலையைக் கற்கச் செல்வோர்க்குச் சமய வேற்றுமை தடையாகாது.

பல ஆண்டுகளுக்கு முன் ஆசிரியப் பயிற்சி மாணவியர் சிலரை, உரிய அனுமதி பெற்று அங்கே அழைத்துச் சென்றேன். படியேறும் முன்னரே, எந்தச் சுவரில் என்ன உள்ளது என்பதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதச் செய்தேன். மேலே சென்ற மாணவியர் சுவரைப் பார்த்த நேரத்தினும் குறிப்பேட்டைப் பார்த்த நேரமே மிகுதி. எழுதியது சுவரில் உள்ளதா என்று சரிபார்த்தனர். உள்ளது என்று கண்டதும் அடுத்த சுவருக்குச் சென்றனர். விடையை முதலில் தந்து வினாவை நானே கெடுத்துவிட்டேன்.

ஒரு மாணவி மட்டும், குதிரைகளை ஏற்றி வரும் மரக்கலத்தின் ஓவியத்தருகே நின்றுவிட்டாள். "அம்மா, இந்தக் குதிரைகள் எல்லாம் எங்கே போயின?" என்று கேட்டாள். என் குறிப்பில் அதற்கு விடையில்லை. அராபிய நாட்டுக் குதிரை வாணிகம் என்று எழுதச் செய்திருந்தேன், அவ்வளவே. குதிரை என்னும் உயிரை நான் காணவேயில்லை.

அவளுடைய வினாவே ஈஹா. அவ்வினாவைப் பின்தொடர்ந்து சென்றால் அறிவு விரிவடைகிறது. நல்ல குதிரைகள் இந்நாட்டில் மிகுதியாகப் பிறப்பதில்லை. ஆதலின் பாண்டிய மன்னர்கள் அவற்றைக் கடல் கடந்து வருவித்தனர். தாமிரபரணிக் கழிமுகத்தருகே இருந்த காயல் துறைக்கு அராபிய, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கியதை, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதியுள்ளார். பேணத் தெரிந்தவர் இன்மையாலும் ஒவ்வாத உணவாலும் அவற்றுள் பெரும்பாலானவை விரைவில் மடிந்தன என்றும் அவர் கூறுகிறார். ஓவியம் அவர் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டது. ஆயினும் அது காட்டும் வாணிகம் அதுவே.

மடியாது எஞ்சியவை எங்கே போயின? விடை அதே கோபுரத்துக்குள் இருக்கிறது. அங்கே பெரும் போர்க்களக் காட்சிகளும் தீட்டப்பெற்றுள்ளன. அவை 1532இல் விசயநகரப் படைக்கும் திருவிதாங்கூர்ப் படைக்கும் நிகழ்ந்த தாமிரபரணிப் போரைக் குறிப்பன என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். எந்தப் போராயினும் ஆகுக. கலத்தில் வந்த உயிர்களையும் களத்தில் ஓடும் உயிர்களையும் சேர்த்து நோக்கியபோது, அதுவரை தனித்தனியே நின்ற இரு சுவர்களும் எங்களுக்கு ஒரே செய்தியைக் கூறின. ஓவியன் இதனைக் கருதித் தீட்டினானா என்று நாம் அறுதியிட இயலாது. நாம் கண்டது எதுவோ அதனை மட்டும் துணிந்து கூறுதலே அவாயத்தின் ஒழுங்கு.

சித்தன்னவாசல் தாமரைக் குளம்

இப்போது, அதே பாண்டிய மன்னரின் ஆட்சி பரவியிருந்த வடபுலத்தில், நம் சமயத்தார் விட்டுச் சென்ற ஓவியமொன்றைக் காண்போம். புதுக்கோட்டைக்கு அருகேயுள்ள சித்தன்னவாசல் அறிவர் கோயிலை நம் அன்பர்கள் பலர் தரிசித்திருப்பர். ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டியன் ஆண்ட 9ஆம் நூற்றாண்டில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அவரை ஆசிரியன் என்றே அக்கல்வெட்டு குறிப்பிடுகிறது. கற்பிக்கும் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவர்க்கு அச்சொல்லைக் கேட்கும்போது நெஞ்சு நெகிழாதிராது.

அங்கு விதானத்தில் உள்ள ஓவியத்தை, சமவசரணம் என்று பெயர் சொல்லாமல் முதலில் காணுங்கள். ஒரு குளம். விரிந்த தாமரைகள், மொட்டுகள், அகன்ற இலைகள். அவற்றிடையே மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள். பூக்கொய்யும் ஆடவர் மூவர். இருவர் அருகருகே இருக்க, ஒருவர் தோளில் தாமரையைச் சாய்த்துத் தனித்து நிற்கிறார். இஃது அவக்கிரகம்.

இனி ஈஹா. யானை குளத்தில் இறங்கினால் பறவைகள் அஞ்சிப் பறக்கவேண்டுமே. இங்கு ஏன் பறக்கவில்லை? மனிதர் அருகே வந்தும் மீன்கள் ஏன் ஒளியவில்லை? குளத்தில் வலையோ தூண்டிலோ உண்டா? இவ்வாறு வினவிய பின்னரே, சமவசரணத்தில் தாமரை நீர்நிலை அமைந்த பகுதியையும், அங்கு மலர் கொய்யும் பவ்வியரையும் இவ்வோவியம் காட்டுகிறது என்னும் அறிஞர் விளக்கத்தைக் கேட்கவேண்டும். தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் அவ்வவையில் விலங்குகளுக்கும் இடமுண்டு. அங்கே அவை தம் பகைமையை மறந்திருக்கும் என்பது ஆகமம். அச்சமின்மையை நாமே கண்ணால் கண்டபின் கேட்டால், அவ்விளக்கம் மனப்பாடமாக நில்லாமல் அவாயமாக நிலைபெறும்.

கலத்தில் அடைபட்ட குதிரையையும், குளத்தில் அஞ்சாது நிற்கும் யானையையும் இணைத்து எண்ணிப் பாருங்கள். ஒன்று உலகம் உயிர்களை நடத்திய விதம். மற்றொன்று அறம் விரும்பும் விதம். எழுத்தறியாதவர்க்கும் இவ்வேறுபாட்டை உணர்த்த வல்லது ஓவியம். பற்றறுத்த முனிவர் வழிபட்ட கோயிலில் வண்ணத்துக்கு என்ன வேலை என்று கேட்போர்க்கு இதுவே என் விடை.

எஞ்சியிருப்பது தாரணை

அக்குளத்தின் வண்ணங்கள் இன்று பெரிதும் மங்கிவிட்டன. சுண்ணச் சாந்து உதிர்ந்த இடத்தில் எந்த அறிஞராலும் பழைய கோட்டை மீட்டுத் தர இயலாது. நம் பெயரன், பெயர்த்தியர் முதியோர் ஆகும்போது எவ்வளவு எஞ்சியிருக்குமோ! தொல்லியல் துறையினர் காப்பது சுவரை. மனத்தில் காக்கவேண்டியது நம் கடமை.

ஆகவே, இல்லந்தோறும் செய்தற்குரிய சிறு பயிற்சிகள் சிலவற்றைத் தருகிறேன்.

1. சித்தன்னவாசல் ஓவியத்தின் அச்சுப்படம் ஒன்றைப் பிள்ளைகள் முன் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். கதை எதுவும் கூறவேண்டா.

2. படத்தை மூடிவிட்டு, கண்டவற்றை எழுதச் செய்யுங்கள். மீண்டும் திறந்து, விடுபட்டவற்றை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

3. ஒவ்வொருவரும் ஒரு வினா எழுப்பட்டும். "மலரும் ஓரறிவுயிர்தானே, அதைக் கொய்யலாமா?" என்று ஒரு பிள்ளை கேட்டால் கடிந்து அடக்காதீர்கள். அவ்வினாவை இல்லத்துப் பெரியோர் அனைவரும் கூடி ஆராயுங்கள்.

4. இறுதியாக, ஒரு தாமரையையோ ஓர் அன்னத்தையோ பார்த்து வரையச் செய்யுங்கள். கை வரைந்ததை மனம் எளிதில் மறவாது.

அன்று கோபுரத்தில் அம்மாணவி கேட்ட வினாவுக்கு, "நேரமாகிவிட்டது, கீழே இறங்கு" என்பதே நான் கூறிய விடை. அவளுக்கு அன்று சொல்லாததை இன்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் கேட்கும்போது நீங்களும் சற்றே நின்று உடன் பாருங்கள்.

அறம் வளர்க!