மேடைப் பெயரும் சொந்தப் பெயரும்: விக்டோரியா கால நாடோடி நடிகர்களின் குடும்ப வரலாறு

ஒரே ஊரில் பரம்பரை பரம்பரையாக வாழ்ந்த குடும்பத்தின் வரலாற்றைத் தேடுவது ஓரளவு இலகுவானது. காணி உறுதி, மையவாடி, ஊர்ப் பெரியவர்களின் நினைவு என்று எல்லாமே ஓரிடத்தில் கிடைக்கும். ஆனால் இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர் என்று அலைந்தவர்களின் வரலாற்றை எங்கே தேடுவது? ஷேக்ஸ்பியரைப் பாடமாகப் படிக்கும் எனக்கு, அவருடைய நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டு சென்று நடித்த இங்கிலாந்து நடிகர்களைப் பற்றி அறியும் ஆவல் உண்டாயிற்று. அவர்களின் சந்ததியினர் தம் முன்னோரை எவ்வாறு கண்டுபிடிக்கின்றனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

யார் இந்த நடிகர்கள்?

விக்டோரியா மகாராணி 1837 முதல் 1901 வரை ஆட்சி செய்தார். அதற்கு முந்திய நூற்றாண்டில், 1737ஆம் ஆண்டுச் சட்டம், அனுமதியின்றி நடித்த நடிகர்களைப் போக்கிரிகள், நாடோடித் திரிபவர்கள் என்ற வகுப்பில் சேர்த்திருந்தது. 1843ஆம் ஆண்டின் நாடகச் சட்டத்தின் பின்னரே வெளியூர்களில் நாடக அரங்குகளுக்கு உள்ளூர் நீதவான்கள் தாராளமாக அனுமதி வழங்க முடிந்தது. எனினும் சமூகத்தின் பார்வை உடனே மாறிவிடவில்லை. நம் மொழியிலும் 'கூத்தாடி' என்ற சொல் ஏச்சாகப் பயன்படுவதை நாம் அறிவோம். இகழப்பட்டவர்களின் வாழ்க்கையைக் கவனமாக எழுதி வைக்க எவரும் முன்வருவதில்லை. ஆகவே, அவர்களைத் தேடுவோர் வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்ட பதிவுகளிலிருந்தே அவர்களைக் கண்டெடுக்க வேண்டியுள்ளது.

எந்தப் பதிவுகள்?

முதலாவது, பிறப்பு, விவாக, மரணப் பதிவுகள். இங்கிலாந்திலும் வேல்சிலும் அரசாங்கப் பதிவு 1837 ஜூலை 1ஆம் திகதி தொடங்கியது. பிறப்புச் சான்றிதழில் தந்தையின் தொழிலும் தாயின் கன்னிப் பெயரும் இருக்கும். இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். தொழில் என்ற இடத்தில் 'கொமேடியன்' என்று எழுதப்பட்டிருந்தால் அவர் கோமாளி என்று நாம் நினைப்போம். ஆனால் அக்காலத்தில் அச்சொல் பொதுவாக மேடை நடிகரையே குறித்தது. துன்பியல் நாடகத்தில் அரசனாக நடித்தவரும் பதிவேட்டில் 'கொமேடியன்'தான்.

இரண்டாவது, குடிசன மதிப்பீடு. பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை, குறித்த ஓர் இரவில் யார் எந்த வீட்டில் இருந்தார் என்பது எழுதப்பட்டது. நடிகர்கள் பெரும்பாலும் வாடகை அறைகளில் தங்கியிருந்ததால், சொந்த ஊரில் அவர்களைத் தேடுவது வீண். 1851ஆம் ஆண்டு மதிப்பீட்டிலிருந்து ஒவ்வொருவரும் பிறந்த இடமும் குறிக்கப்பட்டது. இது மிகப் பெரிய உதவி. மூத்த பிள்ளை பிறந்தது ஓர் ஊரில், இளைய பிள்ளை பிறந்தது மற்றோர் ஊரில் என்றிருந்தால், பிள்ளைகளின் பிறப்பிடங்களே அந்தக் குடும்பம் சென்ற பாதையைக் காட்டும் வரைபடமாகிவிடும்.

மூன்றாவது, பத்திரிகைகளும் நாடக விளம்பரத் தாள்களும். 1838இல் தொடங்கிய 'தி ஈரா' என்ற வாரப் பத்திரிகையில் நாடகக் கம்பனிகள் நடிகர்களைக் கேட்டு விளம்பரம் செய்தன. நடிகர்களும் தாம் எங்கே நடிக்கிறோம் என்பதை அறிவித்தனர். பத்து ஆண்டு இடைவெளியில் எடுக்கப்படும் குடிசன மதிப்பீடு விட்ட இடைவெளியை இந்த விளம்பரங்கள் நிரப்புகின்றன.

பெயரே பெரும் சிக்கல்

நடிகர்கள் மேடைக்கென வேறு பெயர் வைத்துக்கொண்டனர். புகழ்பெற்ற சர்க்கஸ் உரிமையாளர் பப்லோ ஃபாங்கின் சொந்தப் பெயர் வில்லியம் டார்பி. சந்ததியினர் கையில் ஒரு பெயர் இருக்கும். விளம்பரத்தில் வேறொரு பெயர் இருக்கும். இரண்டையும் இணைக்கும் சான்று கிடைக்கும்வரை இருவரும் ஒருவரே என்று முடிவு செய்யக் கூடாது.

இரண்டு உதாரணங்கள்

விக்டோரியா காலத்தின் மிகச் சிறந்த நடிகைகளுள் ஒருவர் எலன் டெரி. அவருடைய பெற்றோர் ஊர் ஊராகச் சென்று நடித்தவர்கள். தாய் சாரா மேடையில் 'மிஸ் யெரெட்' எனப்பட்டார். டெரி என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகப் புரட்டி ஆக்கிய பெயர் அது! மூத்த மகள் கேட் 1844இல் தென்மேற்குக் கரையிலுள்ள ஃபால்மத்தில் பிறந்தார். எலன் பிறந்தது நாட்டின் நடுவிலுள்ள கொவென்ட்ரியில். எலனின் பிறந்த ஆண்டு 1848 என்றே நெடுங்காலம் நூல்கள் கூறிவந்தன. பிறப்புப் பதிவோ 1847 பெப்ரவரி 27 என்கிறது. கொவென்ட்ரியில் இரண்டு வீடுகள், அவர் பிறந்த வீடு தாமே என்று உரிமை கோரின. 1856இல் ஒன்பது வயதில் லண்டன் மேடையேறி, நாடறிந்த பெண்ணாக விளங்கியவருக்கே இந்த நிலை என்றால், பெயர் அறியப்படாத நடிகர்களின் நிலை எப்படியிருக்கும்?

மற்றவர் சார்லி சாப்ளின். இவரும் விக்டோரியா காலத்தில், 1889 ஏப்ரலில், பாடகர்களான பெற்றோருக்குப் பிறந்தவர். தாய் ஹன்னாவின் மேடைப் பெயர் லிலி ஹார்லி. உலகமே அறிந்த இந்தக் கலைஞரின் பிறப்புச் சான்றிதழ் இதுவரை கிடைக்கவில்லை. 'தி மெக்னட்' என்ற கலைஞர் பத்திரிகையின் 1889 மே மாத இதழ், 15ஆம் திகதி ஆண் குழந்தை பிறந்ததாக அறிவித்தது. அவரோ 16ஆம் திகதியையே தம் பிறந்த நாளாகக் கொண்டார். அரசாங்கப் பதிவு இல்லாத இடத்தில் பத்திரிகையின் ஒரு சிறு அறிவித்தல் சாட்சியாக நிற்கிறது. ஆனால் அந்தச் சாட்சியையும் ஒப்பிட்டே பார்க்க வேண்டும்.

நமக்கு என்ன பாடம்?

இந்த முறைகளைப் படித்தபோது எனக்கு ஹதீஸ் கலையின் இஸ்னாத் நினைவுக்கு வந்தது. ஒரு செய்தியை யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, நினைவாற்றல் எத்தகையது என்று அறிஞர்கள் ஆராய்ந்தே ஏற்றனர். குடும்ப வரலாற்றுக்கும் அதே ஒழுங்கு தேவை. தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கி, நம்மிலிருந்து பெற்றோர், அவர்களிலிருந்து பாட்டன் பாட்டி என்று படிப்படியாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு படியிலும் சான்று வேண்டும்.

அதே விக்டோரியா ஆட்சியில்தான் இலங்கையில் 1886ஆம் ஆண்டு முஸ்லிம் விவாகப் பதிவுக்கான கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. வியாபாரத்துக்காக ஊர் ஊராகச் சென்றவர்கள் நம் முன்னோரிலும் இருந்தனர். அவர்களின் பெயர்கள் பள்ளிவாசல் கடுத்தப் புத்தகங்களில், பதிவாளரின் காதில் விழுந்தபடி, ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டல்களில் கிடக்கின்றன. தோழியரே, பெற்றோரே! உம்மும்மாவும் வாப்பும்மாவும் நம்மோடு இருக்கும்போதே ஒரு கொப்பியை எடுத்து, அவர்கள் சொல்லும் பெயரையும் ஊரையும் பட்டப்பெயரையும் எழுதிக்கொள்வோம். யார் சொன்னார், எந்தத் திகதியில் சொன்னார் என்பதையும் பக்கத்தில் குறிப்போம். பதிவேடுகள் நூறு ஆண்டுகள் அலுமாரியில் காத்திருக்கும். மூத்தோரின் நினைவு அப்படிக் காத்திருப்பதில்லை.