கிளட்ச் பெடல் பஞ்சு போல் அமுங்குகிறதா?

கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை என்றால் உடனே மதர்போர்டை மாற்றுவோமா? மாட்டோம். பவர் வருகிறதா, ராம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்போம். இதே வழி காருக்கும் பொருந்தும் என்பதை என் பழைய கார் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

ஒரு நாள் சிக்னலில் கிளட்ச் பெடல் பஞ்சு போல் அமுங்கியது. முதல் கியர் விழவில்லை. பின்னால் ஒரே ஹாரன் சத்தம்! எப்படியோ வீடு வந்து, போனுடன் புளூடூத்தில் இணையும் ஓபிடி ஸ்கேனரைச் செருகினேன். பிழைக் குறியீடு எதுவும் இல்லை. பெரும்பாலான கார்களில் பெடல் மிதிக்கப்பட்டதா என்று சொல்லும் ஸ்விட்ச் மட்டுமே உண்டு. ஆயில் அழுத்தத்தை அளக்கும் சென்சார் கிடையாது.

மெக்கானிக்கோ போனிலேயே, "கிளட்ச் செட் போயிருக்கும் சார், கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார். எனக்குச் சந்தேகம். கிளட்ச் தட்டு தேய்ந்தால் வண்டி இழுக்காமல் நழுவும், பெடல் பஞ்சாகாது.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைக் குழாய் வழியே தள்ளும். கியர்பாக்ஸ் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டர் நகர்ந்து கிளட்சை விடுவிக்கும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். எனவே காற்று புகுந்திருக்கிறதா, அழுத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். நான் சோதித்த வரிசை இதோ:

1. ஆயில் மட்டம் பாருங்கள். கிளட்சுக்குத் தனி டப்பா என்றால், மட்டம் குறைவதே கசிவுக்கு அடையாளம். எனக்குக் குறைந்திருந்தது.

2. பெடலை ஐந்தாறு முறை வேகமாக மிதியுங்கள். இறுகி, அப்படியே நின்றால் பெரும்பாலும் காற்றுதான்.

3. இறுகிய பெடலை ஒரு நிமிடம் மிதித்தபடியே இருங்கள். மெல்லக் கீழே இறங்கினால் அழுத்தம் கசிகிறது. எனக்கு இறங்கியது.

4. ஈரம் தேடுங்கள். ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறை காய்ந்திருந்தது. டேஷ்போர்டுக்கு அடியில், பெடலுக்கு மேலே டார்ச் அடித்தேன். மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகம்பி நனைந்திருந்தது. குற்றவாளி சிக்கினான்!

மாஸ்டர் சிலிண்டரை மாற்றி, ஏர் எடுத்ததும் பெடல் பழையபடி ஆனது. கியர்பாக்ஸில் யாரும் கை வைக்கவில்லை. ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும் கார்களில், கசிவு அங்கே என்றால் இறக்கத்தான் வேண்டும்.

எச்சரிக்கை: பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். அதில் மட்டம் இறங்கினால் பிரேக்கையும் சோதிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருப்பதையே ஊற்றுங்கள். இன்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஸ்கேனர் "பிழை இல்லை" என்று சொன்னால், அது பார்க்கும் இடத்தில் பிழை இல்லை என்றுதான் பொருள். மற்ற இடங்களை நாம்தான் பார்க்க வேண்டும்.